சுண்டல் ஊசினால் பழி எப்போதும் தேங்காய்க்கு

சென்ற புரட்டாசியில், நவராத்திரியின் நான்காம் நாள் மாலை, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் புதிதாகக் கொலு வைத்திருந்த பெண் ஓர் எவர்சில்வர் தூக்குடன் என் வாசலில் வந்து நின்றாள். மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேராக நீட்டி, “தேங்காய் சரியில்லை போலிருக்கிறது அக்கா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்” என்றாள். அந்த வாடையை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்ன சாக்கை அதைவிட நன்றாகத் தெரியும். கொலு வீடுகளுக்கு அளவெடுத்துச் சுண்டல் செய்து தரத் தொடங்கிய முதல் ஆண்டில் நானே அதே சொற்களை ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஊற வைக்க மறந்துவிட்டேன், தாளிப்பைக் கருக்கிவிட்டேன் என்பன போன்றவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவை ஒரு முறை நடந்தால் தாமாகவே திருந்திவிடும். செய்தவருக்குத் தாம் தவறு செய்ததே தெரியாமல் போவதால் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய கடலையையும் புதுக் கடலையையும் ஒன்றாக ஊற வைப்பது

டப்பாவின் அடியில் போன ஆண்டுக் கொண்டைக்கடலை கால் கிலோ கிடக்கிறது, வீணாக்குவானேன் என்று அதைப் புதிதாக வாங்கிய முக்கால் கிலோவுடன் சேர்த்துக் கொட்டிவிடுகிறோம். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அடுப்படியில் மாதக்கணக்கில் கிடந்த பயறு, எத்தனை மணி நேரம் ஊறினாலும் பழைய மென்மைக்கு வராது. புதுக் கடலை குழைந்து தோலுரியும் வேளையில் பழையது பல்லில் ‘நறுக்’ என்று கடிபடும். பழையது வேகட்டும் என்று இன்னும் இரண்டு விசில் விட்டால் புதியது மாவாகிவிடும். அந்தப் பாத்திரத்தைச் சீராக்க வழியே கிடையாது. வாங்கிய நாளைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தால் இந்தச் சங்கடமில்லை. ஐயமிருந்தால் முதல் நாளே ஒரு கைப்பிடியைத் தனியே ஊறப் போட்டு, பத்து மணி நேரம் கழித்து ஒரு கடலையை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல வெளுத்து உலர்ந்திருந்தால் அந்தக் கடலையை வறுத்துப் பொடிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம், சுண்டலுக்கு வேண்டாம்.

உப்பைக் கடைசி வரை காட்டாமலிருப்பது

உப்புப் போட்டால் பயறு வேகாது என்று என் பாட்டி சொன்னார், என் மாமியார் சொன்னார், நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று ஒப்புக்கொள்ள எனக்கே வெகுநாள் ஆயிற்று. பயறின் தோலில் பெக்டின் என்றொரு பொருள் இருக்கிறது. அதைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் தோல் விறைப்பாக நிற்கிறது. ஊறும் நீரில் உப்புச் சேர்த்தால், உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் தோல் மென்மையாகிறது, வெடித்து உரிவதும் குறைகிறது.

பயறை உண்மையில் வேக விடாமல் செய்வது கடின நீர். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் எட்டு விசிலுக்குப் பிறகும் கடலை கல்லாக நிற்பதற்கு, அந்த நீரில் கரைந்திருக்கும் அதே கால்சியமும் மக்னீசியமுமே காரணம். ஊற வைப்பதற்கும் வேக வைப்பதற்கும் குடிநீரையே பயன்படுத்துங்கள். பாத்திரம் கழுவ மற்றதை வைத்துக்கொள்ளலாம்.

நைவேத்தியத்துக்குச் செய்யும்போது உப்புப் பார்க்க முடியாது என்பதால், கை அளவை நம்பாமல் நிறுத்துப் போடுவது நல்லது. என் கணக்கு இது: ஊறும் நீருக்கு லிட்டருக்கு 10 கிராம், அந்த நீரை வடித்துவிட்டுப் புது நீரில் வேக வைக்கும்போது, காய்ந்த கடலை ஒரு கிலோவுக்கு 20 கிராம், தேங்காய் சேர்க்கையில் ஒரு சிட்டிகை. கடைசியில் மேலாக உப்பைத் தூவுகிறவர்களின் சுண்டலில் நாக்கில் முதலில் உப்பு கரிக்கும், கடித்தால் உள்ளே சப்பென்றிருக்கும்.

வெந்த சூட்டோடு தேங்காய் கலந்து மூடி வைப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். இதைச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். பொறுப்பாக விடியற்காலையில் எழுந்து, மாலை வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பவர்கள். அந்த நிம்மதியிலிருந்துதான் கெடுதலே தொடங்குகிறது.

என் கதையைச் சொல்கிறேன். 18 ஆண்டுகளுக்கு முன்பு, நவராத்திரியின் மூன்றாம் நாள், ஒரு வீட்டுக் கொலுவுக்கு 100 பேருக்குச் சுண்டல் கேட்டிருந்தார்கள். ஒரு கிலோ காய்ந்த கடலை வெந்தபின் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், அது 25 பேருக்குத் தொன்னையில் தாராளமாகக் கொடுக்கக் காணும் என்பதால் நான்கு கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை போட்டேன். காலை பத்து மணிக்கு எல்லாம் வெந்து, கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, ஆறு தேங்காயைத் துருவிச் சூட்டோடு சூடாகக் கலந்துவிட்டேன். மாலை வரை சூடு ஆறாமலிருக்க வேண்டும் என்று அதைப் பெரிய அண்டாவில் அள்ளி, தட்டால் மூடி, மேலே கனத்த துண்டு ஒன்றைச் சுற்றி வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மாலை ஆறரைக்கு அந்த வீட்டில் தட்டை நகர்த்தினேன். தட்டின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டியது. மேலாக இருந்த சுண்டல் பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாகவே இருந்தது. இருபது தொன்னைகள் போய்விட்டன. கரண்டியை இன்னும் ஆழமாக விட்டு அள்ளியபோது, கடலைக்கும் கரண்டிக்கும் நடுவே சிலந்தி இழை போல ஒரு நூல் நீண்டு வந்தது. அடியிலிருந்து புளித்த நெடி எழுந்தது. வீட்டுக்காரர் ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்ப் பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து வந்து வந்தவர்களுக்குக் கொடுத்தார். தேங்காய் சரியில்லை என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தத் தெருவிலிருந்தே யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

உண்மையில் அந்த அண்டாவுக்குள் நடந்தது இது. நன்றாகக் கொதித்த பின்னும் சில நுண்ணுயிரிகளின் வித்துகள் சாவதில்லை. சோற்றிலும் பருப்பு வகைகளிலும் வழக்கமாகக் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் அவற்றில் ஒன்று. வெந்த உணவின் வெப்பம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இந்த வித்துகள் விழித்து முளைக்கத் தொடங்குகின்றன. 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகும் வரை அவற்றுக்கு நல்ல காலம்தான். தொன்னையில் வைத்த சுண்டல் சில நிமிடங்களில் ஆறிவிடும். ஆனால் எட்டுப் பத்துக் கிலோ சுண்டல் ஒரே குவியலாகத் துண்டுக்குள் கிடந்தால் அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். பரிமாறும்போது சுடச்சுட இருக்கட்டும் என்று நான் சுற்றிய துண்டு, கிருமிகளுக்குக் கதகதப்பான கூடாகிவிட்டது. எழுந்த ஆவி தட்டில் பட்டு நீராகித் திரும்பச் சொட்டியதால் ஈரத்துக்கும் குறைவில்லை. தேங்காய்த் துருவலில் ஈரமும் சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் நெடியடித்து நம்மைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

இதை விளக்கும்போது உடனே வரும் பதில், “திரும்ப ஒரு முறை நன்றாகச் சூடாக்கிவிட்டால் போகாதா?” என்பது. போகாது. வாந்தியை உண்டாக்கும் நச்சை அந்தக் கிருமி வெளியிட்டுவிட்டால், கொதிக்க வைத்தாலும் நச்சு அழியாது. ஊசிய சுண்டலைச் சூடு காட்டிக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைவிட அன்று வெற்றிலை பாக்கு மட்டும் கொடுத்தனுப்புவது ஆயிரம் மடங்கு நல்லது. ஹாட் பாக்ஸில் வைத்தால் சரிதானே என்பது அடுத்த கேள்வி. இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் சூடும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. காலை பத்து மணிக்கு அதில் போட்டு மாலை ஆறு மணிக்குத் திறப்பது நான் துண்டு சுற்றியதற்குச் சமம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வெந்த கடலையை வடிதட்டில் கொட்டி நீரை முழுவதும் வடித்துவிடுகிறேன். அந்த நீர் ரசத்துக்குப் போகிறது. பிறகு அகன்ற தாம்பாளங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மெல்லிய பருத்தித் துணியால் மூடி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைக்கிறேன். கை வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே தாளிப்பு. மாலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், உயரம் குறைந்த டப்பாக்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, கொடுக்கும் முன் வாணலியில் நன்றாகச் சூடு வர ஒரு புரட்டுப் புரட்டுகிறேன். தேங்காயைத் துருவித் தனியே குளிரில் வைத்து, கலப்பதைப் பரிமாறும் நேரத்துக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். இதைவிட எளிது, இரவில் ஊற வைத்ததை மதியம் மூன்று மணிக்கு அடுப்பில் ஏற்றுவது. காலையிலேயே முடித்தாக வேண்டும் என்று யார் நம்மைக் கட்டாயப்படுத்துகிறார்கள்?

தாம்பூலத்தோடு கொடுப்பதற்காகச் சூட்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைக் கட்டுவதும் இதே தவறின் சிறிய உருவம்தான். வாங்கிப் போகிறவர் அடுத்த நான்கு வீடுகளுக்கும் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் அந்த உறையைப் பிரிப்பார். உறைக்குள் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் யார் வீட்டுச் சுண்டலானாலும் நான் தொடுவதில்லை.

வெல்லத்தை முன்னால் போடுவது

வெள்ளிக்கிழமை இனிப்புக் காராமணிச் சுண்டலில் நடப்பது இது. வெல்லத்தில் சர்க்கரையோடு கால்சியமும் இருக்கிறது. இரண்டும் பயறை மேற்கொண்டு மென்மையாக விடாது. முக்கால் பதம் வெந்திருக்கிறது, மீதி வெல்லப் பாகில் வேகட்டும் என்று விட்டால், அந்த முக்கால் பதத்திலேயே நின்றுவிடும். விரல்களுக்கு நடுவே நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் மசிய வேண்டும். அதன் பிறகே பாகு. ஏலக்காயும் தேங்காயும் அடுப்பை அணைத்த பின்.

ராஜ்மாவைப் பட்டாணியைப் போல நடத்துவது

ஒன்பது நாளுக்கு ஒன்பது பயறு வேண்டும் என்று இப்போது ராஜ்மாவும் நம் கொலு வீடுகளுக்குள் வந்துவிட்டது. வரட்டும், ஆனால் அரைவேக்காடாக வரக் கூடாது. வேக வைக்காத சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் பொருள் மிகுதியாக உண்டு; சரியாக வேகாத சில விதைகளைத் தின்றாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தி வரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குக்கரில் மசியும் பதம் வரை வேக வையுங்கள். முழுக் கொதி வராமல் 80 டிகிரியில் மெல்ல வேக வைக்கும் மின்பாத்திரங்களில் மட்டும் இதைப் போடாதீர்கள். அந்த வெப்பத்தில் நச்சின் வீரியம் கூடவும் செய்யும்.

ஆப்பச் சோடா

வேண்டாம். சோப்பு வாடை அடிக்கும், தோல் கழன்று மிதக்கும், பயறிலுள்ள தயமின் என்னும் வைட்டமினும் அழியும்.

எல்லாவற்றுக்கும் ஒரே விசில் கணக்கு

பாசிப்பயறுக்குக் குக்கரே தேவையில்லை.

மாங்காய்க்கு அவசரம்

பட்டாணியோடு மாங்காயையும் சேர்த்து வேக வைத்துவிட்டு, பட்டாணி மட்டும் ஏன் விறைப்பாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். புளிப்பு சேர்ந்தால் பயறு மேற்கொண்டு மென்மையாகாது. எலுமிச்சைச் சாறுக்கும் இதே நியாயம்தான். மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் விற்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். வெந்த பட்டாணி ஒரு பக்கம், நறுக்கிய மாங்காயும் தேங்காய்க் கீற்றும் மறுபக்கம் என்று தனித்தனியே வைத்திருப்பார். நாம் காசை நீட்டிய பிறகுதான் இரண்டும் காகிதக் கூம்பில் ஒன்று சேரும்.