வெளுத்துக்கட்டும் ஹிட்டர்: வைத்துக்கொள்வதா, டிரேடில் கொடுப்பதா?

நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்களால் மோதுவது ஃபேன்டஸி பேஸ்பால். அணிகள் ஆள் மாற்றிக்கொள்வது டிரேடு. ஏப்ரல் முடியும்போது, வெளுத்துக்கட்டும் ஹிட்டரை (மட்டை பிடிப்பவரை) வைத்துக்கொள்வதா, டிரேடில் கொடுப்பதா என்ற சண்டை ஃபேன்டஸி ஆடும் கூட்டத்தில் வந்தே தீரும். பாளையங்கோட்டை டீக்கடை வாசலில் நடந்தால் அது இப்படி இருக்கும்: “இப்பமே குடுத்துரும்வே, மே மாசம் படுத்துருவான்.” “அடிக்கிறவனக் குடுத்துட்டுப் பொறவு யார வச்சு ஆட, அண்ணாச்சி?”

இரண்டு பேரும் அந்த ஹிட்டரின் சூடு தணியுமா என்றுதான் பேசுகிறார்கள். தணியும், அதில் வாதாட ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை வேறு. தணிந்த பிறகு அவர் எந்த மட்டத்தில் நிற்பார்? எதிரே இருப்பவர் அவரை இப்போது எந்த மட்டத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்? எதிராளி நினைப்பு உங்கள் கணக்கைவிட மேலே இருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். புளியங்குடி எலுமிச்சைக்குக் கோடையில் கிடைக்கும் விலையை வைத்து யாரும் வருஷக் கணக்குப் போடுவதில்லை. அந்த விலைக்கு வாங்க ஆள் வந்தால் விற்காமல் இருப்பதும் இல்லை.

முதலில் அதிர்ஷ்டத்தைப் பிரித்தெடுங்கள்

பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது மொத்த ஹிட்களை (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை அடைவது) அட்-பேட்களால் (கணக்கில் சேரும் மட்டை முறைகள்) வகுத்தால் வருவது. அதற்குள் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்து கிடக்கும். ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டிப் போவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) இரண்டிலும் ஃபீல்டர்களுக்குப் பெரும்பாலும் வேலை கிடையாது. மற்றபடி மைதானத்துக்குள் விழும் பந்துதான் ஆளில்லாத இடம், ஃபீல்டரின் கை என்று எங்கெங்கோ போகும். அதை மட்டும் தனியே அளக்கும் எண்ணுக்கு ‘பாபிப்’ என்று பெயர். ஹிட்களிலிருந்து ஹோம் ரன்களைக் கழியுங்கள். அட்-பேட்களிலிருந்து ஸ்ட்ரைக் அவுட்டையும் ஹோம் ரன்களையும் கழித்து, சாக்ரிஃபைஸ் ஃப்ளைகளை (தான் அவுட் ஆனாலும் சக ஆட்டக்காரரை ரன் எடுக்க வைக்கும் உயர அடிகளை) கூட்டுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் போதும். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் பொதுச் சராசரி 0.300-ஐ ஒட்டியே இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 95 அட்-பேட், 36 ஹிட், 6 ஹோம் ரன், 18 ஸ்ட்ரைக் அவுட், 1 சாக்ரிஃபைஸ் ஃப்ளை. சராசரி 0.379, பார்த்தாலே வாயூறும். பாபிப் போட்டால் 30-ஐ 72-ஆல் வகுக்க வேண்டும்: 0.417. இதே ஆளுக்குப் பந்துகள் வழக்கம்போல 0.300 கணக்கில் விழுந்திருந்தால் அந்த 30 ஹிட் சுமார் 22 ஆகியிருக்கும். மொத்தம் 28 ஹிட், சராசரி 0.295. நல்ல ஆள்தான், ஆனால் ஊரே பேசும் ஆள் இல்லை. 72 பந்து என்ற சின்ன அளவில் வெறும் தற்செயலே பாபிப்பை 0.054 அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளுவதும் அபூர்வமல்ல. லீக்கில் நூற்றுக்கணக்கான ஹிட்டர்கள் ஆடும்போது ஒவ்வொரு ஏப்ரலிலும் சிலர் அந்த உச்சியில் நிற்கத்தான் செய்வார்கள்.

இங்கே பலர் வழுக்குவது: 0.300 என்ற எண்ணை எல்லோருக்கும் அப்படியே மாட்டிவிடுவது. வேகமாக ஓடுபவரும், தாழ்வாக நேர்கோட்டில் அடிப்பவரும் வருஷா வருஷம் 0.330, 0.340 எடுப்பது உண்டு. எனவே ஆளின் பழைய கணக்கையும் சேருங்கள். முந்தைய வருஷங்களில் 1,000 பந்துக்கு 0.310 என்றால் அது 310 ஹிட். இந்த மாத 30-ஐச் சேர்த்து 340-ஐ 1,072-ஆல் வகுத்தால் 0.317. இனிமேல் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது அதுதான். பழைய கணக்கே இல்லாத புதுமுகமானால் 820 பந்துக்கு 0.300 வைத்துக்கொண்டு அதோடு சேருங்கள், 0.309 வரும். 820 என்பது பாபிப் பாதியளவு நம்பிக்கைக்கு வர எடுக்கும் பந்துகள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்ட எண்.

எந்த எண் சீக்கிரம் உண்மை பேசும்

ஸ்ட்ரைக் அவுட் விகிதம் ஏறக்குறைய 60 முறை மட்டை பிடித்து நின்றதுமே நம்பத் தகுந்ததாகிவிடும். வாக் (தவறான பந்து நாலு வந்ததால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170. சராசரிக்கோ 900 அட்-பேட் தாண்ட வேண்டும், அதாவது ஒரு முழு சீசனும் போதாது. ஆகவே மே முதல் வாரத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரைக் அவுட்டைப் பாருங்கள். போன வருஷம் 27 சதவீதம் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் இந்த வருஷம் 17 சதவீதம் என்றால் ஏதோ நிஜமாகவே மாறியிருக்கிறது. அதுவும் ஹோம் ரன்னும் அசையாமல் சராசரி மட்டும் ஏறியிருந்தால் ஏற்றம் முழுக்கப் பாபிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து பேஸ்பால் சாவண்ட் என்ற புள்ளிவிவர இணையதளம், காசு கேட்காது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானத்திலும் பந்து மட்டையை விட்டுப் போகும் வேகத்தை அளக்கிறார்கள். மணிக்கு 95 மைலோ அதற்கு மேலோ போனால் அது பலமான அடி. சராசரி வேகத்தைவிட, பலமான அடிகளின் சதவீதத்தையும் ‘பேரல்’ சதவீதத்தையும் பாருங்கள். பேரல் என்றால் 98 மைலோ அதற்கு மேலோ, சரியான கோணத்தில், ஹோம் ரன்னுக்கோ இரண்டு பேஸுக்கோ போகத் தோதாக அடித்த அடி. பேரல் போன வருஷம் போலவே இருந்து ஹோம் ரன் மட்டும் இரண்டு மடங்கானால் எல்லையோர அடிகள் தாண்டி விழுந்திருக்கின்றன என்று பொருள். பேரலும் சேர்ந்து ஏறியிருந்தால் விற்கும் பேச்சை நிறுத்துங்கள்.

மைதானத்தையும் மறக்கக் கூடாது. கொலராடோ அணியின் சொந்த மைதானமான டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, பந்து தூரம் போகும், வளைவும் குறையும். கொலராடோ ஹிட்டர் சொந்த ஊரில் ஆடி முடித்த வாரம் முடிவெடுக்காமல், வெளியூர் எண்களைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் முக்கியம். ஒருவர் ஃபாஸ்ட்பாலை அடித்து நொறுக்கினால் நாலைந்து வாரத்துக்குள் அவருக்கு ஃபாஸ்ட்பால் வருவது குறைந்து, வளைந்து விலகும் ஸ்லைடர் கூடும். சாவண்டில் மாதவாரியாக அந்தப் பங்கைப் பாருங்கள். ஃபாஸ்ட்பால் பங்கு குறைந்த பிறகும் அடிக்கிறார், ஸ்ட்ரைக் கட்டத்துக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துவதும் கூடவில்லை என்றால், அவர் முதல் தேர்வைத் தாண்டிவிட்டார்.

நிஜ ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. 2021-இல் சிகாகோ வைட் சாக்ஸின் யெர்மின் மெர்சிடிஸ் சீசனின் முதல் 8 அட்-பேட்டிலும் ஹிட் அடித்தார். ஏப்ரல் சராசரி 0.415. ஜூலை தொடக்கத்தில் மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார், வருஷச் சராசரி 0.271. 2006-இல் டெட்ராய்ட்டின் கிறிஸ் ஷெல்டன் ஏப்ரலில் மட்டும் 10 ஹோம் ரன். வருஷம் முழுக்கச் சேர்த்து 16. மறுபக்கம் டொரான்டோவின் ஹோசே பவுடிஸ்டா. அதுவரை ஒரு வருஷத்தில் அவருடைய உச்சம் 16 ஹோம் ரன். மட்டை வீச்சை முன்கூட்டியே தொடங்கும்படி மாற்றிக்கொண்டார், 2009 கடைசியில் அடி விழத் தொடங்கியது, 2010-இல் 54. அந்த வருஷம் அவருடைய பாபிப் 0.233 மட்டுமே, அதாவது அதிர்ஷ்டம் அவர் பக்கம் இல்லவே இல்லை. டொரான்டோ அவரை விற்காமல் 5 வருஷத்துக்கு 6.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2011-இல் மறுபடி 43. என்ன மாறியது என்பதற்குப் பதில் இருக்கும் ஆளை விற்காதீர்கள்.

விலை

தணியும் என்பதால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது இன்னொரு தவறு. மேலே போனதற்குச் சமமாகக் கீழே போய்த்தான் தீர வேண்டும் என்று எந்தக் கடனும் அவருக்கு இல்லை. 0.379-இல் இருப்பவர் இனி தன் இயல்பான மட்டத்தில் ஆடுவார். அடித்த ஹிட்கள் உங்கள் கணக்கில் ஏறியாயிற்று. ஆகவே இனி எதிர்பார்க்கும் மட்டத்தில் ஆடும் ஆளுக்கு என்ன மதிப்போ, அதற்குக் கீழே கொடுப்பது நஷ்டம்.

நல்ல டிரேடு என்பது அதே கணக்கைத் திருப்பிப் போடுவது. எதிராளி அணியில் பெயர்பெற்ற ஹிட்டர் ஒருவர் பாபிப் 0.220-இல் முனகிக்கொண்டிருப்பார், அவருடைய ஸ்ட்ரைக் அவுட்டும் பேரலும் பழைய அளவிலேயே இருக்கும். உங்கள் சூடான ஆளைக் கொடுத்து அவரைக் கேளுங்கள். மே மாதத்தில் இதைவிட லாபமான மாற்று கிடையாது.

கீப்பர் லீக்கில் (சில ஆட்டக்காரர்களை அடுத்த வருஷத்துக்கும் தக்கவைக்கும் லீக்) அடுத்த வருஷ விலையும் சேரும். 260 டாலரில் 23 பேரை எடுக்கும் வழக்கமான ஏலத்தில் அவரை 4 டாலருக்கு எடுத்தீர்கள், அடுத்த வருஷம் 9-க்கு வைத்துக்கொள்ளலாம், உண்மை மட்டம் 16 டாலர் பெறும் என்றால், கையில் 7 டாலர் லாபம் இருக்கிறது. 22 டாலர் கொடுத்துத் தக்கவைக்க வேண்டிய 20 டாலர் ஆட்டக்காரரை அதற்குப் பதில் வாங்குவது, இந்த வருஷம் முதல் மூன்று இடத்தில் இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். நிஜ அணிகளும் இதையே பார்க்கின்றன: ஆறு வருஷப் பணி முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரமாகப் போய்விடலாம் என்பதால் மீதமுள்ள காலம்தான் விலை. நட்சத்திர ஹிட்டர் வான் சோட்டோவை 2022 ஆகஸ்ட்டில் வாஷிங்டன் கொடுத்தபோது இரண்டரை சீசன் மீதமிருந்தது. ஜோஷ் பெல்லும் சேர்ந்து போக, சி.ஜே. ஆப்ராம்ஸ், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் உள்பட ஆறு பேர் கிடைத்தார்கள்.

கேட்கும்போது “என்ன தருவீரு?” என்று தொடங்காதீர்கள். பட்டியலைப் பார்த்து, ஹோம் ரன்னில் பின்தங்கி, திருட்டு பேஸில் (அடி விழாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதில்) மிச்சம் வைத்திருக்கும் அணியைத் தேர்ந்து, அவருடைய இரண்டு பெயரைச் சொல்லி ஒன்றைத் தரச் சொல்லுங்கள். ஒருவரைக் கொடுத்து இருவரை வாங்கினால் உங்கள் பக்கம் ஒருவரை வெளியேற்ற வேண்டும். அவருடைய மதிப்பையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நேரம் நமக்குச் சாதகமல்ல. கோடை நேரத்தில் நியூயார்க்கின் இரவு 7:05 ஆட்டம் நமக்கு அதிகாலை 4:35, கலிபோர்னியா ஆட்டம் காலை 7:40. அதனால் பேச்சை இரவு சாப்பாட்டுக்கு முன்பே முடித்து, ஒப்புதலைச் செயலியில் அழுத்திவிடுங்கள். காலையில் அழுத்தலாம் என்று படுத்தால், காப்பி குடிப்பதற்குள் உங்கள் ஆள் தொடைத் தசைப்பிடிப்போடு 10 நாள் காயப் பட்டியலுக்குப் போயிருக்கலாம். லீக் விதியில் டிரேடு உறுதியாக ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும் என்றிருந்தால், அதுவரை அவர் அடிப்பது உங்கள் கணக்கில்தான் ஏறும். அவரை வெளியே உட்கார வைக்காதீர்கள்.