ஜெர்மன் ராணுவப் பழைய பிஸ்டல் வாங்குவது எப்படி: முதல்முறை வாங்குபவர்களுக்கு

ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட பிஸ்டல் ஒன்றை அமெரிக்காவில் சட்டப்படி வாங்கி, சேகரிக்கவும் அவ்வப்போது ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) சுடவும் ஆசைப்படுகிறவர்களுக்கான குறிப்புகள் இவை. பலரும் முதலில் லூகர் பி08-ஐத்தான் தேடுகிறார்கள். அழகில் அதற்கு ஈடில்லைதான். ஆனால் விலையும் அதிகம், வேறு துப்பாக்கியின் பாகங்களைச் சேர்த்த ஒட்டுவேலையும் அதிகம். முதல் துப்பாக்கிக்கு வால்தர் பி38 அல்லது அதன் வாரிசான பி1-ஐத்தான் நான் சொல்வேன்.

படி 1: உங்களுக்குத் தகுதி இருக்கிறதா?

நம்மவர்களில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இங்கேயே நிதானியுங்கள். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். அதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தையும் படித்துவிடுங்கள்.

படி 2: சுடவா, சேகரிக்கவா?

இதை முடிவு செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால பி38-இல் பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் பொருந்தியிருந்தால் அது சேகரிப்புப் பொருள். அதைச் சுட்டு ஒரு பாகம் உடைந்தால், வேறு பாகம் போட்டு ஓட வைக்கலாம். போன மதிப்பு திரும்பாது.

சுடுவதற்கு பி1 போதும். 1957-இல் உல்ம் நகரில் வால்தர் மீண்டும் தயாரிக்கத் தொடங்கிய அதே வடிவம், எஃகுக்குப் பதில் அலுமினிய ஃப்ரேமோடு (பிடியுள்ள அடிப்பாகம்). 1963 முதல் பி1 என்று பெயர். பின்னாளில் வந்தவற்றில் ஃப்ரேமைப் பலப்படுத்த அறுகோண எஃகு ஆணி ஒன்று குறுக்கே போட்டார்கள். நிறையச் சுடப்போகிறீர்கள் என்றால் அந்த ஆணி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 3: வாங்கும் வழி

சாதாரண வழி, உரிமம் பெற்ற டீலர். 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கி வாங்குவதற்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் கையில் கிடைக்கும்.

தொடர்ந்து சேகரிக்க நினைத்தால் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் தரும் சேகரிப்பாளர் உரிமம் எடுத்துவிடுங்கள். மூன்று ஆண்டுக்கு 30 டாலர். 50 ஆண்டு தாண்டி, மூல நிலையிலேயே இருக்கும் துப்பாக்கிகளை வெளிமாநிலத்திலிருந்தும் நேரடியாக வாங்க இது உதவும். ஒவ்வொரு வரவையும் விற்பனையையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். வாங்கி விற்று வியாபாரம் செய்ய இந்த உரிமம் செல்லாது.

படி 4: முத்திரைகளைப் படியுங்கள்

பி38-இன் ஸ்லைடில் (மேலே முன்பின் நகரும் பாகம்) இருக்கும் எழுத்துதான் தொழிற்சாலையைக் காட்டும். ஏசி என்றால் வால்தர், பிஒய்எஃப் என்றால் மவுசர், சிஒய்கியூ என்றால் ஸ்ப்ரீவெர்க். ராணுவ ஆய்வாளரின் கழுகு முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும்: வால்தருக்கு 359, மவுசருக்கு 135, ஸ்ப்ரீவெர்க்குக்கு 88. ஸ்லைடு, ஃப்ரேம், பேரல் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றேதானா என்று பாருங்கள்.

பளபளவென்று கறுப்பு ஏற்றி, பழைய எண்ணை அடித்துப் புதிதாக எண் போட்டு, எக்ஸ் போன்ற குறியும் இருந்தால், அநேகமாக சோவியத் படை கைப்பற்றிப் புதுப்பித்தது. சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள். சுடுவதற்கு நல்ல துப்பாக்கிதான்.

படி 5: கையில் எடுத்துச் சோதியுங்கள்

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ஸ்லைடின் மேல்மூடி அசையாமல் இறுகியிருக்க வேண்டும். அது தளர்ந்தால் சுடும்போது பின்சைட்டோடு சேர்ந்து பறந்துவிடும்.

அடுத்தது சேஃப்டி. காலித் துப்பாக்கியின் பேரலுக்குள் ஒரு பென்சிலை, ரப்பர் முனை உள்ளே போகும்படி விடுங்கள். சுத்தியலை ஏற்றிவிட்டு சேஃப்டி லீவரைக் கீழே தள்ளினால் சுத்தியல் விழும்; பென்சில் இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். துள்ளி வெளியே வந்தால் ஃபயரிங் பின்னை சேஃப்டி தடுக்கவில்லை என்று அர்த்தம். பேரம் எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். சோதனையில் தேறிய துப்பாக்கியிலும், தோட்டா ஏற்றிய நிலையில் சுத்தியலை இப்படி இறக்குவதை நான் ஏற்பதில்லை. உள்ளே இருப்பது பல பத்தாண்டு பழைய உலோகம்.

படி 6: சுடும் முன்

துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, சுட்டதும் பின்னே போகும் ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் இரண்டு ரீகாயில் ஸ்பிரிங்குகளையும் புதிதாக மாற்றுங்கள். செலவு சொற்பம், ஃப்ரேமைக் காப்பதே அதுதான். பேரலுக்கு அடியில் உள்ள லாக்கிங் பிளாக்கில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

115 அல்லது 124 கிரெயின் எடையில் சாதாரண 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா போதும். கூடுதல் அழுத்தத் தோட்டா கூடவே கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் கட்டாயம். இந்தத் துப்பாக்கி காலிக் கூட்டை இடப்பக்கம் எறியும். பக்கத்தில் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பையோடு ஊருக்குப் பயணம் கிளம்பாதீர்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலையத்தில் சிக்கினாலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம்.