கழிவுநீர் ஏரியில் மீனைச் சோதிப்பது எப்படி?

கொழுத்த மீனைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கனடாவில் காகிதக்கூழ் ஆலைக் கழிவு கலக்கும் நீரில் பிடித்த வைட் சக்கர் என்ற நன்னீர் மீன்களை அறுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. கழிவோடு வரும் சத்துகளால் இரை பெருகுவதால் மீன் பெரும்பாலும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். வயிற்றைத் திறந்தால்தான் விஷயம் தெரியும்: ஈரல் பெருத்திருக்கும், சினை சிறுத்திருக்கும்.

முதலில், கழிவு படாத இடத்திலும் மீன் பிடியுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் உங்கள் எண்களுக்கு அர்த்தமே இல்லை. இரண்டு இடத்திலும் வளர்ந்த ஆண் 20, பெண் 20 வேண்டும்.

ஆசனவாயிலிருந்து செவுள்வரை கத்தியை மேலோட்டமாக ஓட்டுங்கள். ஆழமாகப் போனால் பித்தப்பை உடைந்து ஈரலெல்லாம் பச்சையாகிவிடும். அப்புறம் ஈரல், சினை (ஆணில் விந்துப்பை), முழு மீன் மூன்றையும் தனித்தனியே எடை போடுங்கள். 800 கிராம் மீனில் 40 கிராம் சினை என்றால் மீன் எடையில் 5 சதவீதம். இப்படிக் கணக்கிட்ட சினை அளவோ ஈரல் அளவோ, கழிவு படாத இடத்து அளவைவிட 25 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ கவலைப்பட வேண்டியதுதான்.

செவுள் மூடி எலும்பையும் எடுத்து வையுங்கள். அதன் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாம். காகிதக்கூழ் ஆலைக் கழிவு கலந்த, சுப்பீரியர் ஏரியின் ஜாக்ஃபிஷ் விரிகுடாவில் மீன்கள் தாமதமாகப் பருவமடைந்தது வயதைப் பார்த்ததால்தான் தெரிந்தது. 1989இல் அந்த ஆலையில் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு, அதாவது நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சுத்தம் செய்யும் முறை, வந்த பிறகும் சினை சிறுத்தே இருந்தது.