மழைநீர்த் தொட்டி வைக்கப் போகிறீர்களா? முதல் மழையை என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்

குழாய் வாங்கக் கிளம்பும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இது ஊருக்கு ஊர் நேர்மாறாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அமெரிக்காவின் கொலராடோவிலோ பெரும்பாலான வீடுகளுக்கு 2016-ல்தான் அனுமதியே கிடைத்தது. அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன் (சுமார் 416 லிட்டர்), வீட்டுக்கு வெளியே பயன்படுத்த மட்டும். எவ்வளவு சேமிக்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், நிரம்பி வழிவதை எங்கே விடலாம் என்று நகராட்சியில் கேளுங்கள். வழியும் நீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக்கூடாது என்பது பல நகரங்களில் உண்டு.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர், சேதாரம் போக 800 கைக்கு வரும்.

அடுத்தது முதல் மழை. எனக்கு அதிகம் வேலை வைத்தது இதுதான். தூசி, பறவை எச்சம், இலைச்சருகு எல்லாம் முதலில் வரும் தண்ணீரில்தான் இருக்கும், அதைத் தொட்டிக்குள் விடவே கூடாது. சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது வெளியேற வேண்டும், அதாவது 100 சதுர மீட்டருக்கு 50 லிட்டர். பல வீடுகளில் நான்கு அங்குலக் குழாயை ஒரு மீட்டர் தொங்கவிட்டு மூடி போட்டிருப்பார்கள். அதில் சுமார் எட்டு லிட்டர்தான் கொள்ளும்! குழாய்க்குப் பதில் சின்ன டிரம் வையுங்கள். உள்ளே மிதக்கும் பந்து ஒன்று, டிரம் நிரம்பியதும் அது வாயை அடைத்துவிடும், அப்புறம் வரும் நீர் தொட்டிக்குப் போகும். அடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சிறு துளை அவசியம். துளைக்குப் பதில் வால்வு வைத்துக் கையால் திறந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மழைக்காலத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தொட்டி வெளிச்சம் புகாததாக இருக்கட்டும், இல்லையென்றால் பாசி பிடிக்கும். நீர் உள்ளே வரும் வாய்க்கு வலை போடுங்கள், வலை என்றால் எவர்சில்வர் வலைதான். நைலான் வெயிலில் நைந்துபோகும், கிழிந்த இடத்தில் கொசு நுழையும். வழியும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, அதன் வாயிலும் வலை வேண்டும்.

இப்போது முக்கியமானது: மழைநீர்க் குழாயை நகராட்சிக் குடிநீர்க் குழாயோடு எங்கேயும் இணைக்காதீர்கள். வால்வு போட்டுக்கொள்ளலாம் என்று பிளம்பர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், வால்வு ஒருநாள் பழுதாகும், அன்று உங்கள் தெருவே அந்த நீரைக் குடிக்க நேரிடலாம். கோடையில் தொட்டியில் நகராட்சி நீரை நிரப்புவதாக இருந்தால், அந்தக் குழாயின் வாய் தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மழைநீர்க் குழாய்க்கு வேறு நிறம் அடித்து, 'குடிக்க அல்ல' என்று எழுதிவையுங்கள். தோட்டம், கழிப்பறை, வண்டி கழுவ என்று தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பின்சேர்க்கை: இப்படிச் செய்த சிலருக்கு அந்தச் சொட்டுத் துளை மண்ணால் அடைத்துக்கொண்டு, டிரம் காலியாகாமலே அடுத்த மழை வந்திருக்கிறது. துளையை அடி மூடியில் போடாமல் பக்கவாட்டில் சற்று மேலே போடுங்கள், மூடி கழற்றக்கூடியதாக இருக்கட்டும், மாதம் ஒருமுறை திறந்து சேற்றைக் கொட்டிவிடுங்கள்.