சரக்கு ஏற்றும் முன் கண்டெய்னரைப் பார்ப்பது எப்படி

மணலியில் ஒரு சி.எஃப்.எஸ்., அதாவது ஏற்றுமதிச் சரக்கைக் கண்டெய்னரில் ஏற்றும் கிடங்கில், 19 வருடமாக ஸ்டஃபிங் (பெட்டிக்குள் சரக்கு அடுக்கும் வேலை) சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு திருவொற்றியூரில். முதல்முறை ஏற்றுமதி செய்ய வரும் சின்ன வியாபாரிகள் என்னிடம் கேட்பதெல்லாம் பேப்பர் வேலை பற்றித்தான்: ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதித் தாள்), ஃபார்ம் 13 (பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான தாள்), கட்-ஆஃப் நேரம் (பெட்டி உள்ளே போக வேண்டிய கடைசி நேரம்). அதை உங்கள் சி.எச்.ஏ. (சுங்க ஏஜென்ட்) பார்த்துக்கொள்வார். கண்டெய்னரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். காலிப் பெட்டிகளை வைத்திருக்கும் யார்டிலிருந்து ட்ரெய்லர் வந்து நின்றதும் ஆள்கள் மூட்டையைத் தூக்கத் தயாராகிவிடுவார்கள். அவர்களைக் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் எண். வலது கதவின் மேற்பக்கம் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டம் போட்ட ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. எங்காவது ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் கணக்கு ஒத்துவராமல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஏழு இலக்கத்தையும் விடாமல் எழுதுங்கள். போட்டோவும் எடுங்கள்.

அடுத்து வெளிப்பக்கம் ஒரு சுற்று. நான்கு மேல்மூலைகளிலும் ஓட்டை வைத்த கனமான எஃகு வார்ப்பு இருக்கும். கிரேன் இந்த நான்கு ஓட்டைகளில் பூட்டுப் போட்டுத்தான் மொத்தப் பாரத்தையும் தூக்குகிறது. கப்பலில் மேலே அடுக்கும் பெட்டிகளின் எடையும் மூலைத் தூண்கள் வழியாகத்தான் இறங்குகிறது. பக்கத் தகட்டில் சின்ன நெளிசல் இருந்தால் பரவாயில்லை. மூலை வார்ப்பில் விரிசலோ தூணில் வளைவோ இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். கடற்காற்றில் துரு எல்லாப் பெட்டியிலும் இருக்கும். விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள்.

இப்போது உள்ளே. கதவைத் திறந்ததும் ஏறிவிடாதீர்கள். பூச்சி மருந்து போட்டதற்கான எச்சரிக்கைத் தாள் கதவில் ஒட்டியிருந்தாலோ, உள்ளிருந்து நெடி வந்தாலோ யாரும் ஏற வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும். யார்டுக்குப் போன் செய்து வேறு பெட்டி கேளுங்கள். எச்சரிக்கைத் தாளும் நெடியும் இல்லையென்றால் மட்டும் இரண்டு கதவையும் விரியத் திறந்து காற்றோட விட்டு, பிறகு ஏறுங்கள். தரைப் பலகையில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பழைய செய்தித்தாளை மேலே போட்டு ஷூவால் மிதியுங்கள். தாளில் ஊறினால் உங்கள் சரக்கிலும் ஊறும். பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கச் சொல்லுங்கள்.

அப்புறம்தான் நான் சொல்லவந்த சோதனை. ஓர் ஆளை வெளியே நிறுத்துங்கள். டிரைவரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் உள்ளே நின்றுகொண்டு இரண்டு கதவையும் சாத்தச் சொல்லுங்கள். தாழ் போட வேண்டாம், கை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு கூரையை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை மெதுவாகப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால்கூட நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று தெரியும். அடுத்து பக்கச் சுவரும் தரையும் சேரும் இடம், கடைசியில் கதவின் ரப்பர் விளிம்பு. சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். இரவில் ஸ்டஃபிங் என்றால் வெளியே இருப்பவர் டார்ச் லைட்டைத் தகட்டின் இணைப்புகள் மீது அடித்துக்கொண்டே நடக்கட்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு ஐப்பசி மாதம் நான் இதைச் செய்யவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவரின் கைலி பேல்கள் (துணிக் கட்டுகள்), இருபதடிப் பெட்டி. மழை இருட்டிக்கொண்டு வந்தது, கட்-ஆஃபுக்கு நேரமில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லிவிட்டேன். ஐந்து வாரம் கழித்து அவர் போட்டோக்களோடு வந்து நின்றார். முன் மூலையில் இருந்த பேல்களில் மேலிருந்து கீழ்வரை துருநிறத்தில் ஒரே கோடு. கூரையில் ஒரு ஓட்டை மீது டேப் ஒட்டி, அதே நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது வழியில் பிய்ந்துவிட்டது. வாங்கியவர் மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளிவிட்டார். வண்ணாரப்பேட்டைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. இன்றும் கூரையில் டேப்பைப் பார்த்தால் நகத்தால் உரித்துவிட்டுத்தான் மறுவேலை. காற்று போக மேலே வைத்திருக்கும் சின்னத் துவாரங்களை மட்டும் தொடாதீர்கள், அவை இருக்க வேண்டியவை.

ஓட்டையே இல்லாத பெட்டியிலும் ஈரம் வரும். உள்ளே அடைபட்ட நம் ஊர்ப் புழுக்கம், குளிர்ந்த கடலுக்குப் போனதும் கூரையில் வியர்த்துச் சொட்டும். ஈரமான மரப் பேலட் (சரக்கை அடுக்கும் மரத் தட்டு) வேண்டாம். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தைச் சூடுபடுத்தியோ மருந்துப் புகை போட்டோ பூச்சி போக்கியதற்கு அதுதான் அடையாளம், இல்லாவிட்டால் பல நாடுகள் இறக்க விடாது.

ஏற்றும்போது கனமானது அடியில், எடை நீளவாக்கில் சமமாக. ஒரு பாதியில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் கணக்கு. கதவோரக் கடைசி வரிசையைக் கயிறு கட்டி நிறுத்துங்கள், அந்தப் பக்கம் திறப்பவர் தலையில் விழக்கூடாது. என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். அவருடைய இரும்புக் கொக்கி இன்னும் வீட்டில் ஆணியில் தொங்குகிறது, கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் டெர்மினல் வந்த பிறகு அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கிடங்குகளுக்கு நகர்ந்துவிட்டது. இன்றும் பெட்டிக்குள் அடுக்குவது மனிதக் கைதான், அவர்களுக்கு நடுநடுவே தண்ணீரும் ஓய்வும் கொடுங்கள்.

எடையைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலகம் முழுக்க விதி. நிரப்பிய பெட்டியை எடைமேடையில் போடலாம், அல்லது சரக்கு, பேலட், கட்டும் பொருள் எல்லாவற்றின் எடையோடு கதவில் எழுதியுள்ள காலிப் பெட்டி எடையைக் கூட்டலாம்.

கதவை மூடும்போது இடது முதலில், வலது கடைசியில். போல்ட் சீலை, அதாவது வெட்டினால்தான் திறக்கும் உலோகப் பூட்டை, வலது கதவில்தான் போட வேண்டும். போட்டபின் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சீல் எண்ணும் கண்டெய்னர் எண்ணும் ஒரே படத்தில் வருமாறு எடுத்து வையுங்கள்.

வண்டி கிளம்பும்முன் டிரைவரிடம் எந்தத் துறைமுகம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம் கரையில் மூன்று இருக்கின்றன. ராயபுரம் ஜீரோ கேட் வழியாகச் சென்னைத் துறைமுகம், அங்கிருந்து வடக்கே சுமார் 24 கிலோமீட்டரில் 2001 முதல் இயங்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிப் பின்னால் வந்த காட்டுப்பள்ளி. எண்ணூர் என்றால் நிலக்கரியும் காரும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேயும் கண்டெய்னர் டெர்மினல் இருக்கிறது. ஃபார்ம் 13-ல் உள்ள டெர்மினல் பெயரை விரல் வைத்துக் காட்டுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வரிசைக்குள் நுழைந்துவிட்டால் திருப்புவது பெரும்பாடு. உள்ளே போனதும் கேட்டில் தரும் ரசீதை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்பட்டும். பெட்டியில் சேதம் என்று ஏதாவது குறித்திருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.