மலைக் காற்றுக்கு ஜெட் பிடிப்பது

"மாமா, கீழ பறந்துச்சு, இங்க இழுக்க மாட்டேங்குது." ஏப்ரல் வந்தால் இந்தப் பேச்சோடு யாராவது ஒரு தம்பி என் வாசலில் வண்டியை நிறுத்துவான். கொழும்பில் ட்யூன் பண்ணிய 125 சிசி வண்டி. எஞ்சினில் ஒரு பழுதும் இருக்காது. நுவரெலியாவில் காற்று மெல்லிசு, அவ்வளவுதான்.

நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பிட்டராக இருந்தவன். பகலில் ரோலர், டிரையர். இரவில் என் சொந்த வண்டி. பழைய ஹொண்டா எஞ்சின் ஒன்றை வேறொரு வண்டியின் பிரேமில் உட்காரவைத்து, மவுண்டிங் தகடுகளை நானே வெட்டி, புஷ்களை லேத்தில் கடைந்து கட்டினேன். அதை நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓட்டினேன். 1934இல் தொடங்கிய போட்டி அது. அங்கே கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். நுவரெலியா 6,128 அடி. அப்படியென்றால் சிலிண்டருக்குள் போகும் காற்றில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஆனால் காற்றோடு பெட்ரோலைக் கலக்கிற கார்பரேட்டர் அதே கணக்கில் பெட்ரோலைக் குறைக்காது. காற்றுக்குத் தேவையானதைவிடப் பத்து சதவீதம் போல அதிகமாகவே ஊற்றும். வண்டி கரும்புகை விட்டு மூச்சு முட்டுவது இதனால்தான்.

கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைத் திருகுதான் ஜெட். அதைத் தொடுவதற்கு முன் டாப்பட் இடைவெளியை (வால்வுக்கு விடும் இடைவெளியை) குளிர்ந்த எஞ்சினில் சரிபாருங்கள், எயார் பில்டரைத் தட்டித் துடையுங்கள், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைப் பிடிக்கிற புளோட்டின் மட்டத்தைப் பாருங்கள். இவை மூன்றும் சரியில்லாமல் ஜெட் மாற்றினால் இரவு முழுக்க வீண் வேலை.

மெயின் ஜெட், திராட்டிலை (எக்ஸிலேட்டரை) முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போதுதான் பேசும். ஹொண்டாவில் வரும் கெய்ஹின் கார்பரேட்டரில் 100 என்று அடித்திருந்தால் ஓட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பெட்ரோலைப் பத்து சதவீதம் குறைக்க ஓட்டையின் விட்டத்தை ஐந்து சதவீதம் குறைத்தால் போதும். அதனால் கொழும்பில் 100 போட்டவனுக்கு நுவரெலியாவில் 95. அதைவிடக் கீழே இருக்கும் ஹட்டனில் 98க்குப் பக்கத்தில் நிற்கும். பழைய ஜெட்டை ஈயம் ஊற்றி அடைத்து மறுபடி துளைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். துளை வட்டமாக வராது, நம்பருக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இந்தக் கணக்கு தொடங்குவதற்குத்தான். முடிவை ஸ்பார்க் பிளக் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுக்க ஆள் இல்லாத நேரத்தில், தொரையிடம் (மெனேஜரிடம்) கேட்டுக்கொண்டு, தோட்டத்து கொங்கிரீட் ரோட்டில் நல்ல ஏற்றமாக முந்நூறு மீட்டர் நேர்த்துண்டு பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒவ்வோர் ஆள் நிற்கட்டும். ஹெல்மட், பூட்ஸ், கையுறை கட்டாயம். புதுப் பிளக் போட்டு, மூன்றாம் கியரில் முழுத் திராட்டிலோடு ஏறுங்கள். ஏற்றம் எஞ்சினை அமுக்கிப் பிடிப்பதால் வேகம் அதிகம் போகாது, ஆனால் எஞ்சின் முழுப் பலத்தையும் போடும். உச்சியில் கிளட்ச்சையும் கில் சுவிட்ச்சையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். ஐடிலில் அரை நிமிடம் ஓடவிட்டாலும் பிளக் பொய் சொல்லும். கழற்றிப் பார்க்கும்போது பீங்கானின் நுனி நிறத்தில் ஏமாறாதீர்கள். லென்ஸ் வைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். சாயத்தண்ணி நிறத்தில் மெல்லிய வளையம் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே வேலையை நிறுத்துங்கள்.

எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து சின்னதுக்கு வாருங்கள்: 100, 98, 95. அதே ஏற்றத்தை ஒவ்வொரு முறையும் ஸ்டாப்வாட்ச்சில் பிடியுங்கள். நேரம் குறைவது எந்த ஜெட்டில் நிற்கிறதோ, அதற்கு ஒன்று பெரியதைப் போட்டுப் போட்டிக்குப் போங்கள். கொப்பியில் ஜெட் நம்பரோடு நேரத்தையும் பனியா வெயிலா என்பதையும் எழுதுங்கள். காலை ஆறு மணிக் குளிரில் காற்று கனம், மத்தியானத்தில் லேசு. அந்த வித்தியாசமே மூன்று நாலு சதவீதம் வரும்.

சரியான ஜெட் போட்டாலும் போன காற்று திரும்பி வராது. அதைப் பின் சக்கரத்துச் செயின் பல்சக்கரத்தில் (ஸ்ப்ரொக்கெட்டில்) இரண்டு பல் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும். மெல்லிய காற்றில் கொம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அளவை, கொஞ்சம் ஏற்றவும் முடியும். நானும் ஏற்றினேன். அதே எஞ்சினை, அதே 95 ஜெட்டோடு, கட்டுக்குருந்த ஓடுபாதைக்குக் கொண்டுபோனேன். கடலுக்குப் பக்கத்து இடம் அது. கனத்த காற்று உள்ளே போனது, பெட்ரோல் போதவில்லை. நேர்த்துண்டில் இதுவரை கேட்காத அழகான சத்தம் ஒன்று வந்தது. சந்தோஷத்தில் திராட்டிலை விடவில்லை. அடுத்த விநாடி பிஸ்டனின் நடுவில் ஐம்பது சத நாணயம் போகிற அளவு ஓட்டை. மலை இறங்கும் முன் ஜெட்டைப் பெரிதாக்குங்கள், கொம்பிரஷனை இறக்குங்கள். வண்டி லொறியில் ஏறும் முன்பே இதைச் செய்யுங்கள்.

அந்த வாரம் முழுக்க நான் பேர்ட் மன்ரோவை நினைத்துக்கொண்டே இருந்தேன். நியூசிலாந்து இன்வர்கார்கில்காரர், 1899இல் பிறந்தவர். 1920ஆம் ஆண்டு இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருந்தார். வாங்கும்போது 600 சிசி, மணிக்கு 55 மைல். கடைசியில் 950 சிசி. பிஸ்டன்களைப் பழைய தகர டின்களில் தானே வார்த்தார். சைக்கிள் ஸ்போக் கம்பியே அவருக்கு மைக்ரோமீட்டர். உடைந்த பிஸ்டன்களையும் ராடுகளையும் ஒரு தட்டில் அடுக்கி, "வேகக் கடவுளுக்குக் காணிக்கை" என்று எழுதி வைத்திருந்தார். ஸ்டோரில் எந்திரங்களைக் காக்கும் சாமியான ரோதமுனிக்குப் பூசை போட்டுவிட்டு எந்திரத்தைத் தொட்ட எனக்கு அந்த மனிதர் அந்நியராகத் தெரியவில்லை.

அவர் வேக சாதனைக்காக ஓட்டிய, அமெரிக்காவின் யூட்டாவிலுள்ள பொன்னவில் உப்புத்தரை சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஹட்டன் உயரம்! இன்வர்கார்கிலோ கடலோர ஊர். கடல் காற்றில் பழகிய எஞ்சினை ஹட்டன் காற்றில் ஓட்ட வேண்டிய அதே வேலைதான் அவருக்கும் இருந்தது.

வேகத்தை அளப்பதையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டரை நம்பாதீர்கள். சமதரை ஓடுபாதையில் 400 மீட்டரை டேப் வைத்து அளந்து, போக ஒரு முறை, வர ஒரு முறை நேரம் பிடியுங்கள். ஒரு பக்கம் காற்று தள்ளும், மறுபக்கம் தடுக்கும். போக 14.2, வர 15.0 விநாடி என்றால் சராசரி 14.6. 400ஐ அதால் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு 98.6 கிலோமீட்டர். கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். 1967இல், 68 வயதில், மன்ரோ ஓடிய ஓட்டத்தின் சராசரியில் பிழை இருந்ததை அவர் மகன்தான் கண்டுபிடித்தார். மன்ரோ இறந்து 36 வருடம் கழித்து, 2014இல், சாதனை மணிக்கு 184.087 மைல் என்று திருத்தப்பட்டது.

என் வீட்டுத் தட்டில் அந்த ஓட்டைப் பிஸ்டன் இருக்கிறது, பக்கத்தில் அந்த 95 ஜெட். ஜெட் கேட்டு வருகிற தம்பிகளின் கையில் முதலில் அந்தப் பிஸ்டனைத்தான் கொடுக்கிறேன்.