வாக்கிங் போகும்போது ஒரு டம்ளர்

2020 மார்ச் ஊரடங்கில் சென்னைப் பூங்காக்களைப் பூட்டியதும், வாசலில் அருகம்புல், வாழைத்தண்டு ஜூஸ் விற்றவர்களின் பிழைப்பும் சேர்ந்தே படுத்தது. பலர் திரும்ப வந்து கடை போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் குடிப்பதானால் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துப் போங்கள். ஒரே பக்கெட் தண்ணீரில் முக்கியெடுக்கும் கிளாஸ் வேண்டாம். கேனில் கலக்கி வைத்ததைவிட, கண்ணெதிரே அரைத்து வடிகட்டியதே நல்லது. சர்க்கரைக்காரர்கள் தேன் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், சில கடையில் கேட்காமலே ஊற்றிவிடுவார்கள்!

அப்புறம், கடைக்காரர் கந்துவட்டிக்கு வாங்கித் தொழில் செய்பவர் என்றால் பி.எம். ஸ்வநிதி பற்றிச் சொல்லுங்கள். 2020 ஜூனில் தொடங்கிய திட்டம். தெருவோர வியாபாரிகளுக்குப் பிணை இல்லாமல் வங்கிக் கடன், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். ஆதாரோடு இணைத்த செல்போன் எண் அவசியம்.